இரவில் வாசல் கேட்டும் போர்டிகோவும் தெளிவாகத் தெரிய: கேமரா, விளக்கு தேர்வுக்கு முழுமையான வழிகாட்டி

காலையில் பால் பாக்கெட் எடுக்கப் போனபோது பைக்கின் பெட்ரோல் டியூப் அறுந்து தொங்கியது. தரையில் ஈரம், மூக்கில் வாடை. எனக்குப் பெரிய பதற்றமில்லை. மேலேதான் 5 மெகாபிக்சல் கேமரா இருக்கிறதே! பதிவை ஓட்டிப் பார்த்தேன். இரவு 2.40க்கு ஒருவர் கேட்டைத் தாண்டிக் குதிக்கிறார், வண்டியருகே குந்துகிறார், எழுந்து போகும்போது நிமிர்ந்து கேமராவையே ஒரு பார்வை பார்க்கிறார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளை உருண்டை. அதில் இரண்டு பளபளக்கும் புள்ளிகள். ஸ்டேஷனில் ஏட்டையா அதை இரண்டு முறை பார்த்துவிட்டு, "இது ஆளா, ஆவியா தம்பி?" என்றார்.

அந்தக் கேமராவை நான் தூக்கிப் போடவில்லை. அதன் ஐஆர் (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு) விளக்கை அணைத்தேன், போர்டிகோ விளக்குகளை இடம் மாற்றினேன், கேட்டுக்கென்று வேறு லென்ஸில் இன்னொரு கேமரா சேர்த்தேன். இப்போது பேப்பர் போடும் பையனின் சட்டைக் கட்டம்கூடத் தெரிகிறது. செலவில் பெரும்பகுதி விளக்குக்கும் ஒயருக்கும்தான் போனது. கடையில் எல்லோரும் "எத்தனை மெகாபிக்சல்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். இரவுப் படத்துக்கு அது நான்காவதோ ஐந்தாவதோ கேள்வி. அதனால் இந்த வழிகாட்டியும் கடையிலிருந்து ஆரம்பிக்காது, இருட்டிலிருந்து ஆரம்பிக்கும்.

படி 1: இரவு பதினொரு மணிக்கு வாசலில் நில்லுங்கள்

எதுவும் வாங்குவதற்கு முன் ஓர் இரவு, தெரு அடங்கிய பிறகு, அளவு டேப்பும் செல்போனுமாக வெளியே போங்கள். வழக்கமாகப் படுக்கும்போது அணைக்கும் விளக்குகளை எல்லாம் அணைத்துவிடுங்கள். கேட்டுக்கு வெளியே நின்று வீட்டைப் பாருங்கள், பிறகு போர்டிகோவிலிருந்து கேட்டைப் பாருங்கள். வீட்டிலிருப்பவர் ஒருவரைக் கேட்டில் நிறுத்திப் போனில் படம் எடுங்கள். முகம் தெரிகிறதா, நிழலுரு மட்டும் தெரிகிறதா? தெருவிளக்கு எந்தப் பக்கம்? மரக்கிளை எங்கே மறைக்கிறது? ஒரு தாளில் கேட், தூண்கள், கார் நிற்கும் இடம், பைக் நிற்கும் இடம், சுற்றுச்சுவரில் ஏறக்கூடிய மூலை எல்லாவற்றையும் வரைந்து தூரம் குறியுங்கள்.

அடுத்து உங்களுக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். "யாரோ வந்தார்கள்" என்று தெரிவது ஒரு வேலை. "வந்தது இன்னார்" என்று தெரிவது வேறு வேலை. "இந்த நம்பர் வண்டி" என்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே கேமராவிடம் கேட்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கண்காணிப்புக் கேமராக்களுக்கான 2015ஆம் ஆண்டு ஐரோப்பியத் தரநிலையில், காட்சியின் ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை பிக்சல் விழுகிறது என்பதை வைத்துத் தரம் பிரித்தார்கள். ஆள் நடமாட்டம் தெரிய 25, ஏற்கெனவே தெரிந்தவரை இன்னாரென்று சொல்ல 125, முன்பின் தெரியாதவரை அடையாளம் காண 250.

இதை ஒரு வீட்டில் பொருத்திப் பார்ப்போம். 30க்கு 60 அடி மனை, அதாவது முக்கால் கிரவுண்ட். போர்டிகோ முகப்பிலிருந்து கேட்டுக்கு 20 அடி, ஏறக்குறைய 6 மீட்டர். கேட் அகலம் 12 அடி. கடையில் எடுத்தவுடன் தருவது 2.8 மி.மீ. லென்ஸ். அது ஏறக்குறைய 100 டிகிரி அகலம் பார்க்கும். 6 மீட்டர் தொலைவில் அது 14 மீட்டர் அகலக் காட்சியைப் பிடிக்கிறது. உங்கள் கேட், பக்கத்து வீட்டுக் கேட், எதிர்வீட்டு முருங்கை மரம் எல்லாம் சேர்த்து. 4 மெகாபிக்சல் கேமராவின் அகலவாக்கிலான 2560 பிக்சலை 14 மீட்டருக்குப் பங்கு போட்டால் மீட்டருக்கு 180தான் வரும். அதே கேமராவில் 4 மி.மீ. லென்ஸ் என்றால் காட்சி 11 மீட்டருக்குள் சுருங்கி 235 பிக்சல் கிடைக்கும். 6 மி.மீ. என்றால் 6 மீட்டருக்குள் சுருங்கி 430ஐத் தாண்டும். 12 அடி கேட்டும் இரண்டு தூண்களும் அதற்குள் அடங்கிவிடும்.

இந்தக் கணக்கு பகல் வெளிச்சத்துக்கானது. இரவில் மங்கலும் புள்ளியும் ஒரு பகுதியைத் தின்றுவிடும் என்று வைத்துக்கொண்டு 250 வேண்டிய இடத்தில் 400க்கு மேல் திட்டமிடுங்கள்.

என் பரிந்துரை: போர்டிகோ முழுவதையும் பார்க்க 2.8 மி.மீ.யில் ஒன்று, கேட்டை மட்டும் பார்க்க 6 மி.மீ.யில் ஒன்று. ஒரே ஒரு கேமராவுக்குத்தான் வழி இருக்கிறது என்றால் 4 மி.மீ. வாங்குங்கள். 2.8க்கு ஆசைப்படாதீர்கள்.

படி 2: விளக்கு

பௌர்ணமி நிலவு தரையில் தரும் வெளிச்சம் கால் லக்ஸ் (விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுதான். 1000 லூமன் (விளக்கு உமிழும் மொத்த ஒளியின் அலகு) தரும் 10 வாட் எல்இடி ஒன்று, அதில் பாதி வெளிச்சம் 20 சதுர மீட்டர் தரையில் விழுந்தால், ஏறக்குறைய 25 லக்ஸ் தரும். நூறு நிலவு! விலையுயர்ந்த கேமராவும் சாதாரணக் கேமராவும் இருட்டைச் சமாளிப்பதில் இருக்கும் வித்தியாசம் நாலைந்து மடங்கு என்றால், ஒரு பல்பு தரும் வித்தியாசம் நூறு மடங்கு. அதனால்தான் விளக்கு முதலில்.

வெளிச்சம் ஏன் இவ்வளவு முக்கியம்? கேமரா இருட்டைச் சமாளிக்க, ஒளியை உள்ளே விடும் கதவான ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கும். நடந்து போகும் ஆள் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 1.4 மீட்டர் போகிறார். ஷட்டர் 1/12 விநாடி திறந்திருந்தால் அதற்குள் அவர் ஏறக்குறைய 12 செ.மீ. நகர்ந்திருப்பார், முகம் இழுகிப் போகும். 1/100 என்றால் ஒன்றரை செ.மீ.தான். நின்றுகொண்டிருப்பவர் பளிச்சென்று தெரிந்து, நடந்தவுடன் புகையாக மாறுவதற்குக் காரணம் இதுதான். கடையில் டெமோ காட்டும்போது யாரும் நடப்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா?

விளக்கை எங்கே வைப்பது என்பதில்தான் நம் ஊர் வீடுகள் தவறு செய்கின்றன. கேட் தூண் இரண்டின் மேலும் உருண்டை விளக்கு வைப்பது நம் வழக்கம். அழகுதான். ஆனால் போர்டிகோவில் இருக்கும் கேமராவுக்கு அந்த இரண்டும் நேராகக் கண்ணில் அடிக்கும். கேட்டில் நிற்பவருக்கு முதுகுப் பக்கம் வெளிச்சம், முகத்துக்கு இருட்டு. தூண் விளக்கை எடுக்க மனமில்லை என்றால் 3 வாட் மஞ்சள் பல்பாகக் குறைத்துவிடுங்கள், அல்லது வீட்டுப் பக்கம் மூடி, கீழ்நோக்கி மட்டும் அடிக்கும் ஃபிட்டிங்காக மாற்றுங்கள்.

முகத்தைக் காட்டும் விளக்கு வீட்டுப் பக்கத்திலிருந்து கேட்டை நோக்கி அடிக்க வேண்டும். கேமராவுக்கு ஒட்டினாற்போல் வைக்கக் கூடாது. குறைந்தது மூன்று நான்கு அடி பக்கவாட்டில் தள்ளி வையுங்கள். ஒட்டி வைத்தால் இரண்டு தொல்லை. முகம் தட்டையாக, மாவு பூசியதுபோல் தெரியும். மூக்கின் நிழல், கன்னத்தின் நிழல் இருந்தால்தான் முகம் முகமாக இருக்கும். அடுத்தது பூச்சி. விளக்கு இருக்கும் இடத்துக்குப் பூச்சி வரும், பூச்சி இருக்கும் இடத்துக்குப் பல்லியும் சிலந்தியும் வரும், கடைசியில் லென்ஸின் குறுக்கே நூலாம்படை. முதல் மழை பெய்த மறுநாள் இரவு ஈசல் கிளம்பினால் கேட்கவே வேண்டாம், விடிய விடியப் பதிவு முழுக்க வெள்ளைக் கோடுகள்தான்.

பூச்சிக்காகவே நான் 3000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் எண்) மஞ்சள் வெளிச்சத்தைச் சொல்கிறேன். நீலம் கலந்த 6500 கெல்வின் வெள்ளை பூச்சிகளை அதிகம் இழுக்கும். தூங்கும் அறை ஜன்னலில் அடித்தாலும் உறுத்தும். கண்ணுக்கு வெள்ளை அதிகப் பிரகாசமாகத் தோன்றினாலும் கேமராவுக்கு அது பெரிய லாபமில்லை. சட்டை நிறம் சரியாகத் தெரிய வேண்டும் என்று நினைப்பவர்கள் 4000 வரை போகலாம்.

ஒரே ஃபோகஸ் லைட்டில் 50 வாட் அடிப்பதைவிட 10 வாட் விளக்கு இரண்டை இரண்டு பக்கமிருந்து அடிப்பது நல்லது. 50 வாட் போட்டால் பக்கத்தில் இருக்கும் தரை வெளுத்துப் போகும், காருக்குப் பின்னால் கன்னங்கரேலென்று நிழல் விழும், திருடனுக்கு அந்த நிழலே போதும். வெள்ளைக் கார், வெள்ளி நிறக் கார் கவர், பளபளப்பான டைல்ஸ் ஒட்டிய சுவர் ஆகியவற்றின் மேல் நேராக விளக்கு அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேமரா அந்தப் பளபளப்பைப் பார்த்து "வெளிச்சம் அதிகம்" என்று முடிவு செய்து மற்ற எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். என் வீட்டில் கார் கவரின் நிறத்தை மாற்றியதில் மட்டுமே கேட் ஒரு படி தெளிவானது.

இரவு முழுக்க எரியவிடலாமா, ஆள் வந்தால் எரியும் சென்சார் விளக்கு போதுமா? சென்சார் மட்டும் என்றால் ஒரு சிக்கல். இருட்டில் கருப்பு வெள்ளையில் பதிந்துகொண்டிருந்த கேமரா, விளக்கு திடீரென்று எரிந்ததும் முதலில் வெளுத்துப் போகும், பிறகு உள்ளே இருக்கும் ஃபில்டர் 'க்ளிக்' என்று மாறி வண்ணத்துக்கு வரும். இதற்குள் ஓரிரண்டு விநாடி போய்விடும். கேட்டைத் தாண்ட அது போதும். ஆகவே மங்கலான ஒரு விளக்கு விடிய விடிய எரியட்டும், ஆள் வந்ததும் இரண்டாவது விளக்கு சேர்ந்து எரியட்டும். கேமரா எப்போதும் வண்ணத்திலேயே இருக்கும். வந்தவருக்கும் யாரோ விழித்துவிட்டார்கள் என்று தோன்றும்.

கரண்ட் பில்லுக்குப் பயப்பட வேண்டாம். 10 வாட் விளக்கு ஒரு நாளைக்கு 12 மணி நேரம், இரண்டு மாதம் எரிந்தால் 7.2 யூனிட்தான்.

சென்சார் விளக்கு வாங்கினால் அதன் குணம் தெரிந்திருக்க வேண்டும். அது உடல் சூட்டின் நகர்வைப் பார்க்கிறது. குறுக்கே நடப்பவரை உடனே பிடிக்கும். நேராகத் தன்னை நோக்கி வருபவரைத் தாமதமாகத்தான் பிடிக்கும். அதனால் கேட்டுக்கு நேர் எதிரே வைக்காமல் பக்கச் சுவரில் 7 அல்லது 8 அடி உயரத்தில் வையுங்கள். மே மாதப் புழுக்கத்தில் சுவரும் தரையும் ஆள் உடம்பின் சூட்டுக்கு நெருங்கிவிடுவதால் அது கொஞ்சம் மந்தமாகும். ஏசி வெளிப்பெட்டியின் சூடான காற்று அதன் பார்வையில் பட்டால் சும்மா சும்மா எரியும்.

அந்தி மங்கினால் தானே எரியும் விளக்குகளில் ஒளி உணரும் கண் ஒன்று இருக்கும். அந்தக் கண்ணில் அதே விளக்கின் வெளிச்சமோ பக்கத்து விளக்கின் வெளிச்சமோ படக்கூடாது. பட்டால் அணைந்து அணைந்து எரிந்து பக்கத்து வீட்டாரைச் சினிமா கொட்டகையில் உட்கார்த்தி வைத்ததுபோல் ஆக்கிவிடும். அதற்குப் பதில் சாதாரண டைமர் ஒன்று போதும்.

சோலார் விளக்குகளை நான் துணைக்கு மட்டுமே சொல்வேன். மாலையில் அமர்க்களமாக எரியும், நள்ளிரவு தாண்டியதும் பேட்டரி தளர்ந்து மங்கும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பகலில் வெயிலே இல்லாதபோது அதுவும் கிடையாது. நம் விருந்தாளி வந்ததோ இரவு 2.40க்கு.

படி 3: கேமரா

இப்போது கடைக்குப் போகலாம். பெட்டியில் பார்க்க வேண்டியவை, முக்கியத்துவத்தின் வரிசையில்.

முதலில் சென்சார் அளவு. இது கேமராவுக்குள் படத்தைப் பதியும் சில்லு, ஆள் வந்தால் விளக்கை எரியவைக்கும் சென்சார் அல்ல. 1/2.8 இன்ச், 1/1.8 இன்ச் என்று எழுதியிருப்பார்கள். கீழே இருக்கும் எண் சிறிதானால் சென்சார் பெரிது. மழைத் தண்ணீர் பிடிக்க வாசலில் வைக்கும் பாத்திரம் மாதிரிதான்: வாய் அகன்ற அண்டாவில் அதிகத் தண்ணீர் சேரும். மெகாபிக்சல் என்பது அந்த அண்டாவுக்குப் பதில் அதே இடத்தில் எத்தனை டம்ளர்களை அடுக்குகிறோம் என்பது. டம்ளர் கூடக் கூட ஒவ்வொன்றிலும் விழும் துளி குறையும். 1/2.8 இன்ச் சென்சாரில் 8 மெகாபிக்சல் என்பதைவிட 1/1.8 இன்ச்சில் 4 மெகாபிக்சல் இரவுக்கு எவ்வளவோ மேல். விற்பவர் 8ஐ உயர்வாகச் சொன்னால் சிரித்துக்கொண்டே 4ஐ எடுங்கள்.

இரண்டாவது லென்ஸின் எஃப் எண். எஃப் 1.0 லென்ஸ், எஃப் 2.0 லென்ஸைவிட நான்கு மடங்கு வெளிச்சம் உள்ளே விடும், எஃப் 1.6ஐவிட இரண்டரை மடங்கு. "இரவிலும் வண்ணம்" என்று விற்கும் கேமராக்கள் பெரும்பாலும் எஃப் 1.0 லென்ஸையும் ஒரு சின்ன வெள்ளை விளக்கையும் நம்பியிருப்பவை.

"0.001 லக்ஸில் வேலை செய்யும்" என்ற வரியை முழுதாகத் தாண்டிவிடுங்கள். ஷட்டரை எவ்வளவு நேரம் திறந்து வைத்து அந்த எண்ணைச் சொல்கிறார்கள் என்பதை எழுதாவிட்டால் அதற்கு அர்த்தமில்லை.

மூன்றாவது, ஐஆர் விளக்கு. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தில் கருப்பு வெள்ளைப் படம் எடுப்பது. 850 நானோமீட்டர் என்றால் கேமராவைப் பார்ப்பவருக்கு மங்கலாகச் சிவப்புப் பொட்டுகள் தெரியும்; 940 என்றால் எதுவும் தெரியாது, ஆனால் எட்டும் தூரம் குறையும். ஐஆரின் பலவீனம் அருகில் இருப்பதை வெளுக்கடித்துவிடுவது. என் வீட்டு ஆவியின் கதை அதுதான்: கேமராவுக்கு ஆறடியில் முகம், 30 மீட்டருக்கு அடிக்கும் ஐஆர். போர்டிகோ கூரையும் தூணும் பக்கத்தில் இருந்தால் அவற்றில் பட்டுத் திரும்பும் ஐஆர் படத்தையே பால் ஊற்றியதுபோல் ஆக்கும். அருகில் ஆள் வந்தால் தன் ஐஆரைத் தானே குறைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். விளக்கு எரிய வழியே இல்லாத பின்பக்கச் சந்துக்கு ஐஆர் கேமரா. விளக்கு இருக்கும் முன்வாசலுக்கு வண்ணக் கேமரா.

நான்காவது, உடல் வடிவம். கண்ணாடிக் கிண்ணம் கவிழ்த்த டோம் வகையை வெளியே மாட்டாதீர்கள். அந்தக் கிண்ணத்தில் தூசியும் பனியும் படிந்தால் ஐஆர் உள்ளேயே சிதறும். நீளமான புல்லட் வகையோ, விழிபோல் திரும்பும் டரட் வகையோ போதும். புல்லட்டின் நெற்றி மறைப்பில் சிலந்தி குடியேறும், டரட்டில் கொஞ்சம் குறைவு. மழைக்கு ஐபி66 அல்லது ஐபி67 (தூசியும் தண்ணீரும் புகாத தர எண்). கடற்கரை ஊர்க்காரர்கள் துருப்பிடிக்காத ஸ்க்ரூவைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியில் வருவது உப்புக்காற்றில் இரண்டு வருடம் தாங்கினால் அதிசயம்.

பேட்டரியில் ஓடும் வைஃபை கேமரா வாடகை வீட்டுக்கு வசதி, சுவரைத் துளைக்க வேண்டாம். ஆனால் அது தூங்கிக்கொண்டிருந்து அசைவு தெரிந்தால் எழும். எழுவதற்குள் ஆள் பாதிதூரம் போயிருப்பார். சொந்த வீடு என்றால் ஒயர் இழுத்துவிடுங்கள்.

இந்தியாவில் 2025 ஏப்ரல் முதல் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயமாகியிருக்கிறது. பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் உள்ள, புது விதிப்படி சோதிக்கப்பட்ட மாடல்தானா என்று கேட்டு வாங்குங்கள். பழைய சரக்கைத் தள்ளுபடியில் தள்ளிவிடும் கடைகள் உண்டு.

படி 4: மாட்டும் உயரமும் கோணமும்

"உயரமா மாட்டுங்க சார், யாரும் கை வைக்க மாட்டாங்க" என்பார்கள். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் 15 அடியில் மாட்டினால் பத்தடி தூரத்தில் நடப்பவரின் உச்சந்தலை மட்டும் தெரியும். வழுக்கையா இல்லையா என்று சொல்லலாம், அவ்வளவுதான். முகத்துக்கான கேமரா 8 முதல் 9 அடி உயரம். ஒன்பதடியில் மாட்டி, ஆள் 13 அடி தள்ளி நிற்கும்போது முகத்தைப் பார்க்கும் சரிவு 15 டிகிரிதான். தொப்பி போட்டிருந்தாலும் கண்ணும் மூக்கும் கிடைக்கும். கை எட்டும் என்ற பயத்துக்கு மருந்து, இரண்டாவது கேமரா முதல் கேமராவைப் பார்க்கும்படி வைப்பது.

காட்சியில் வானமும் தெருவிளக்கும் வராதபடி கேமராவைக் கொஞ்சம் குனிய வையுங்கள். கிழக்குப் பார்த்த வாசல் என்றால் காலை ஏழு மணி வெயில் லென்ஸில் விழுகிறதா என்று ஒரு நாள் பார்த்துவிட்டே துளை போடச் சொல்லுங்கள். கூரையிலிருந்து நான்கு அங்குலமாவது இறக்கி மாட்டுங்கள்.

நம்பர் பிளேட் உங்களுக்கு உண்மையிலேயே வேண்டுமா என்று யோசியுங்கள், ஏனெனில் அது தனி வேலை. 2019 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகளுக்குக் கட்டாயமான உயர் பாதுகாப்பு பிளேட்டுகள் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும் தகடுகள். ஐஆர் அடித்தால் எண் இருக்கும் இடம் வெள்ளைச் செவ்வகமாகத் தெரியும். கார் பிளேட்டில் எழுத்துக் கோட்டின் தடிமன் 10 மி.மீ. கேட்டுக்குள் 10 கி.மீ. வேகத்தில் நுழையும் கார் 1/100 விநாடியில் கிட்டத்தட்ட 3 செ.மீ. நகர்ந்துவிடும், எழுத்துகள் ஒன்றோடொன்று குழையும். 1/500 ஷட்டர் வேண்டும், தெருவில் ஓடும் வண்டி என்றால் 1/1000. அந்த ஷட்டரில் மற்றதெல்லாம் இருட்டாகத்தான் இருக்கும். எனவே 12 மி.மீ. லென்ஸில், வண்டி வரும் பாதைக்கு அதிகம் பக்கவாட்டில் போகாமல், அதற்கென்றே ஒரு கேமரா. பெரும்பாலான வீடுகளுக்கு இது தேவையில்லை என்பது என் கருத்து. அந்தப் பணத்தில் பின்வாசலுக்கு ஒன்று வாங்கலாம்.

படி 5: ஒயர், கரண்ட், சேமிப்பு

புதிதாகப் போடுகிறவர்கள் பிஓஇ வகை ஐபி (நெட்வொர்க்) கேமராவுக்குப் போங்கள். ஒரே ஒயரில் கரண்டும் படமும் போகும், 100 மீட்டர் வரை தாங்கும். ஒயர் முழுச் செம்பாக இருக்க வேண்டும். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது குறைந்த விலையில் கிடைக்கும். ஒரு முனையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் அதுதான். இரவில் விளக்கு எரியும்போது கேமரா அதிகக் கரண்ட் இழுக்கும், அப்போது இந்த ஒயரில் மின்னழுத்தம் குறைந்து கேமரா அணைந்து அணைந்து எழும். "பகல்ல நல்லா ஓடுது, ராத்திரிதான் போயிடுது" என்ற புகார்கள் பலவற்றுக்குக் காரணம் இதுதான். ஏற்கெனவே 3+1 எனும் பழைய வகை கேமரா ஒயரும் டிவிஆரும் (அந்த வகைக்கான ரெக்கார்டர்) இருப்பவர்கள் எல்லாவற்றையும் பிடுங்க வேண்டாம். கேமராவை மட்டும் மாற்றி, மின்சப்ளை பெட்டி தளர்ந்திருந்தால் அதையும் மாற்றினால் போதும்.

ரெக்கார்டர், பிஓஇ ஸ்விட்ச் (கேமரா ஒயர்கள் வந்து சேரும் பெட்டி), வைஃபை ரவுட்டர் மூன்றும் இன்வெர்ட்டர் இணைப்பில் இருக்கட்டும். மங்கலாக எரியும் அந்த ஒரு வெளிவிளக்கும் அதே இணைப்பில். இதைப் பலர் மறக்கிறார்கள். கரண்ட் போனால் கேமரா மட்டும் உயிரோடு இருந்து இருட்டைப் படம் பிடிக்கும்.

4 மெகாபிக்சல் கேமரா எச்.265 என்ற வீடியோ சுருக்க முறையில் 3 எம்பிபிஎஸ் அளவில் பதிந்தால் ஒரு நாளைக்கு 32 ஜிபி. ஒரு கேமராவுக்கு 1 டிபி ஏறக்குறைய ஒரு மாதம், இரண்டு கேமராவுக்கு 15 நாள். கண்காணிப்புக்கென்று தயாரித்த ஹார்ட் டிஸ்க்கே போடுங்கள். ரெக்கார்டரை டிவி ஸ்டாண்டில் வைக்காதீர்கள். வந்தவர் டிவியோடு அதையும் எடுத்துப் போய்விட்டால் கதை முடிந்தது.

பாஸ்வேர்டு: பெட்டியோடு வந்ததை அன்றே மாற்றுங்கள். 2016இல் மிராய் என்ற நச்சுநிரல் உலகெங்கும் கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் கைப்பற்றி இணையத்தின் பெரிய தளங்களையே முடக்கியது. அது கதவை உடைக்கவில்லை. கம்பெனி வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்டிருந்ததால் நேராக நுழைந்தது.

படி 6: இரவில் உட்கார்ந்து அமைப்பு மாற்றுவது

மாட்டிவிட்டுப் போனவர் பகலில்தான் மாட்டியிருப்பார், அமைப்பும் பகலுக்கானதாகவே இருக்கும். அன்று இரவே மெனுவைத் திறந்து பாருங்கள்.

முதலில் 50 ஹெர்ட்ஸ் (நம் ஊர் கரண்டின் அலைவெண்) என்று இருக்கிறதா பாருங்கள். 60 என்று இருந்தால் எல்இடி வெளிச்சத்தில் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். ஷட்டரைத் தானியங்கியில் விடாமல் 1/50 அல்லது 1/100இல் நிறுத்துங்கள். படம் இருட்டாகத் தெரிந்தால் ஷட்டரைத் தளர்த்தாதீர்கள், விளக்கைக் கூட்டுங்கள். புள்ளிகளை மழுங்கடிக்கும் வசதியை நடுநிலைக்குக் கீழே வையுங்கள். அதைக் கூட்டினால் நிற்கும் கார் கண்ணாடிபோல் இருக்கும், நடக்கும் ஆளுக்குப் பின்னால் வால் முளைக்கும். வண்டி முகப்பு விளக்கு நேராக அடிக்கும் இடத்தில் மட்டும் அதை அடக்கும் எச்எல்சி வசதியைப் போடுங்கள். மற்ற கேமராக்களில் அது படத்தை இருட்டாக்கும்.

எச்சரிக்கைகளை ஒழுங்குபடுத்தாவிட்டால் ஒரு வாரத்தில் நீங்களே போனில் அணைத்துவிடுவீர்கள். "எந்த அசைவும்" என்று வைத்தால் பூனை, பல்லி, துணிக்கொடியில் ஆடும் வேட்டி எல்லாம் உங்களை எழுப்பும். ஆள், வண்டி இரண்டை மட்டும் பிரித்தறியும் முறையைப் போட்டு, கேட்டுக்கு இரண்டடி உள்ளே ஒரு கோடு வரையுங்கள். தெருவில் போகிறவர் பற்றி உங்களுக்கு என்ன கவலை? இரவு 11 முதல் காலை 4.30 வரை மட்டும் மணி அடித்தால் போதும். அதற்கு மேல் கோலம் போடுகிறவரும் பால்காரரும் வந்துவிடுவார்கள்.

நேரத்தை இணையத்திலிருந்து தானே சரிசெய்துகொள்ளும்படி வையுங்கள். ஏழு நிமிடம் தள்ளி ஓடும் கடிகாரத்தால் தெருமுனைக் கடையின் பதிவோடு ஒப்பிடுவதே பெரும்பாடாகிவிடும்.

பிறகு ஒத்திகை. வீட்டில் ஒருவரை ஹெல்மெட்டோடும் தொப்பியோடும் நடக்க விடுங்கள், சுவர் மூலையில் ஏறுவதுபோல் நடிக்கச் சொல்லுங்கள், பைக்கை விளக்கு எரிய உள்ளே ஓட்டி வரச் சொல்லுங்கள். என் மகள் திருடனாக நடித்ததில் வீட்டிலேயே யாரும் கவனிக்காத ஒன்று தெரிந்தது: தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குனிந்து போனால் இரண்டு கேமராவிலும் பட மாட்டாள். பதிவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். முகம் கிடைக்கும் படம் ஒன்றாவது வர வேண்டும். நேரலையில் தெளிவாகத் தெரிவதை நம்பாதீர்கள், பதிவில் தரம் குறைந்திருக்கலாம்.

படி 7: பக்கத்து வீடும் போலீஸும்

எதிர்வீட்டு ஜன்னலோ மாடியோ காட்சியில் வந்தால் அந்த இடத்தைக் கருப்புக் கட்டத்தால் மறைக்கும் வசதி பெரும்பாலான ரெக்கார்டர்களில் உண்டு. மறைத்த பிறகு அவர்களைக் கூப்பிட்டுத் திரையில் காட்டிவிடுங்கள். எங்கள் எதிர்வீட்டு அக்கா முதலில் முகம் சுளித்தார். காட்டிய பிறகு, "எங்க கேட்டும் கொஞ்சம் தெரியற மாதிரி திருப்பி வையேன்" என்றார். விளக்கும் அவர்கள் படுக்கையறையில் அடிக்காமல் கீழ்நோக்கி இருக்கட்டும்.

ஏதாவது நடந்துவிட்டால் டிவி திரையைப் போனில் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பி வைத்து அதோடு விடாதீர்கள். ரெக்கார்டரிலிருந்து மூலப் பதிவையே பென் டிரைவில் எடுங்கள். முன்னும் பின்னும் பத்து நிமிடம் சேர்த்து எடுங்கள், வெட்டவோ வெளிச்சம் கூட்டவோ வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழும் இணைக்க வேண்டும். எந்தக் கருவி, எப்படி எடுக்கப்பட்டது என்பதெல்லாம் அதில் வரும். ரெக்கார்டரின் மாடல், வரிசை எண், வாங்கிய பில் மூன்றையும் படம் எடுத்து வைத்தால் அன்றைக்கு அலைய வேண்டாம். பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும் என்பதால் அன்றே எடுத்துவிடுங்கள்.

ஊருக்குப் போகும்போது பூட்டிய வீடு என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போகும் பழைய வழக்கத்தையும் விட வேண்டாம். அதற்கு மெகாபிக்சல் தேவையில்லை.

பராமரிப்புக்குப் பெரிய வேலை கிடையாது. ஒவ்வொரு அமாவாசைக்கும் வீட்டு ஒட்டடை அடிக்கும்போது அதே குச்சியால் கேமரா நெற்றியையும் ஒரு தட்டு. மெல்லிய துணியை நனைத்து லென்ஸைத் துடையுங்கள், சோப்பு வேண்டாம். அன்றிரவே பதிவு ஓடுகிறதா என்று ஒரு நிமிடம் பாருங்கள், நிலவில்லாத இரவு என்பதால் விளக்கின் உண்மையான வலுவும் தெரிந்துவிடும். ஐப்பசிக்கு முன்னால் ஒயர் இணைப்புகளில் தண்ணீர் இறங்காதபடி டப்பாக்களின் மூடியைச் சரிபாருங்கள். இடி இடிக்கும்போது ரெக்கார்டரை எப்போதும் பிளக்கிலிருந்து பிடுங்கிக்கொண்டிருக்க முடியாது என்பதால் மின்னல் தாக்கத்தைத் தாங்கும் பாதுகாப்புப் பெட்டி ஒன்றை பிஓஇ ஸ்விட்சுக்கு முன்னால் போட்டு, அதன் எர்த் ஒயர் உண்மையிலேயே மண்ணுக்குள் போகிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். என் வீட்டில் அது சுவருக்குள்ளேயே முடிந்திருந்தது.